ஒரே பர்ஸ், ஊர்ப்பட்ட பெயர்

பெயரை விற்றுவிட்டுப் பொருளை இலவச இணைப்பாகக் கொடுக்கும் வியாபாரி இந்த உலகத்தில் ஒருவர்தான். அவர் எங்கள் கும்மிடிப்பூண்டி லோக்கலில் காலையில் ஏறும் பர்ஸ் நைனா. எல்லோரையும் 'நைனா' என்றே கூப்பிடுவார். நாங்களும் அதையே அவருக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டோம்.

மீஞ்சூரில் மூட்டையோடு ஏறுவார். உள்ளே இருப்பதெல்லாம் ஒரே மாதிரி காபி நிற ரெக்சின் பர்ஸ். அளவு ஒன்று, விலை ஒன்று. பெயர் மட்டும் ஆளுக்கு ஆள் மாறும். வாங்க வந்தவரை ஏற இறங்கப் பார்த்து, இவருக்கு எந்தப் பெயர் பொருந்தும் என்று நைனாவே முடிவு செய்வார். அதற்கு மேல்முறையீடு கிடையாது.

கழுத்தில் அடையாள அட்டை தொங்கும் பையன்களுக்கு அது வாலட். கும்மிடிப்பூண்டியில் தமிழ் நடத்தும் வாத்தியாருக்குப் பொற்கிழி. ஆந்திரா பக்கத்து ஆள் என்றால் டப்பு சஞ்சி. ஒடிசாவிலிருந்து இரும்புக் கம்பெனிக்கு வந்த பையனுக்குப் பட்டுவா. தன் ஊர்ச் சொல்லைக் கேட்ட சந்தோஷத்தில் அந்தப் பையன் இரண்டு வாங்கிவிட்டான்.

பொன்னேரியில் மீன் கூடையோடு ஏறும் அஞ்சலை அக்காவுக்குக் கிடைத்தது சுருக்குப்பை. அக்கா அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"இதுல சுருக்கே இல்லியே?"

"நீ செலவைச் சுருக்கு. அது தன்னால சுருங்கும்."

போனிலேயே பணம் கட்டும் காலத்தில் பர்ஸ் எதற்கு என்று கேட்டால் நைனாவுக்குக் கோபமே வராது. "போன்ல காசு இருக்கும் நைனா. ஆனா மாசக் கடைசில தொறந்து பாத்து பெருமூச்சு உட முடியுமா?" என்பார். கேட்டவர் உடனே ஒன்று வாங்கிவிடுவார்.

என் கதைதான் பரிதாபம். குழாய் கம்பெனி ஸ்டோர்ஸில் வேலை பார்க்கிறேன். நானும் நாலு பேர் மதிக்கும்படி ஒரு வாலட் வைத்துக்கொள்ள ஆசைப்பட்டேன்.

"உனக்கு மணிபர்ஸ்தான் நைனா."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"ஒண்ணுதான். ஆனா வாலட்டுன்னா சட்டைய இன் பண்ணிக்கினு இருக்கணும். நீ வெளிய உட்டுக்கினு கீற."

மறுநாள் இன் செய்துகொண்டு, வயிற்றை எக்கிக்கொண்டு போய் நின்றேன். நைனா சுற்றி வந்து பார்த்தார். "உனுக்கே மூச்சு முட்டுது. இன்னாத்துக்கு இந்தப் பேஜாரு? மணிபர்ஸே எடுத்துக்க" என்றார். எடுத்துக்கொண்டேன்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு திங்கட்கிழமை, பொன்னேரி தாண்டியதும் அடுத்த பெட்டியில் செக்கிங் என்று சேதி வந்தது. அனுமதியில்லாமல் ரயிலில் விற்றால் சரக்கைப் பறிமுதல் செய்துவிடுவார்கள். நைனாவின் முதல் முழுக்க அந்த மூட்டைதான். அது போனால் அவர் பிழைப்பே போனது. ஊருக்கெல்லாம் பதில் வைத்திருக்கும் மனிதர் மூட்டையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு எங்கள் முகத்தையே பார்த்தார்.

அஞ்சலை அக்கா மூட்டையைப் பிடுங்கினார். "இன்னா வேடிக்க பாத்துக்கினு கீறீங்க? ஆளுக்குக் கொஞ்சம் எடுங்க" என்று பெட்டி முழுக்க வாரி இறைத்தார். பாக்கெட்டில், மடியில், சாப்பாட்டுப் பையில் எல்லாம் பர்ஸ். கடைசி நாலைந்தை மீன் கூடையில் போட்டு மூடினார்.

அதிகாரி வந்தார். காலிச் சாக்கைப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார்.

"உங்க கையில என்னம்மா?"

"என் சுருக்குப்பை சார்."

"உங்களது?"

"பொற்கிழி" என்றார் வாத்தியார், வகுப்பில் நிற்பதுபோல் நிமிர்ந்து.

"பட்டுவா, சார்" என்றான் ஒடிசாப் பையன், கேட்பதற்கு முன்பே.

என்னிடம் வந்தார். வாலட் என்று சொல்ல இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது. ஆனால் நைனா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மணிபர்ஸ் சார்" என்றேன்.

"எல்லாம் ஒரே மாதிரி இருக்கே?"

"பெயர் வேறு ஐயா" என்றார் வாத்தியார்.

அதிகாரி நைனாவின் பக்கத்தில் போய் நின்றார். போச்சு என்று நினைத்தேன். அவர் குரலைத் தாழ்த்தி, "எனக்கு என்ன பேருய்யா வச்சிருக்கே?" என்று கேட்டார்.

நைனா அவரையும் ஏற இறங்கப் பார்த்தார். "ஐயாவுக்கு... கஜானா."

அதிகாரி சிரிப்பை மீசைக்குள் அடக்கிக்கொண்டு, "இனிமே ரயில்ல விக்காதே, வெளிய கடை போடு" என்று சொல்லிவிட்டுக் கவரைப்பேட்டையில் இறங்கிப் போனார்.

பர்ஸ் எல்லாம் திரும்ப மூட்டைக்கு வந்து சேர்ந்தன. சிலவற்றில் மட்டும் மீன் வாடை. நைனா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"இத்தினி நாளா பர்ஸுக்கே பேரு வெச்சிக்கினு இருந்துட்டேன். உங்க ஒருத்தர் பேரையும் கேட்டதில்ல நைனா" என்றார்.

ஒவ்வொருவராகச் சொன்னோம். கும்மிடிப்பூண்டி வரும்வரை எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். இப்போது அந்த ஸ்டேஷன் வாசலில் குடை விரித்துக் கடை போட்டிருக்கிறார். நான் இறங்கி வருவது தெரிந்தால் போதும், அத்தனை கூட்டத்திலும் "குமரேசா, நாஷ்டா துன்னியா?" என்று குரல் வரும். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருக்கும்போது அந்தக் குரல் இல்லாமல் எனக்குப் பொழுதே போவதில்லை.