நான் சர்வீஸ் செய்த தோசைக்கல்

என் கைக்கு வந்த இரும்பு எதுவும் அழுக்காகத் திரும்பிப் போனதில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை (சரி, பெருமைக்காகத்தான் சொல்கிறேன்). ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, அடுத்தவர் டிராக்டரைக் கழுவிவிடும் ஆளாகத் தொடங்கியவன் நான். இன்றைக்கு மன்னார்குடிப் பக்கம் குறுவை அறுப்பு என்றால் என் மிஷின் இறங்காமல் வேலை நடக்காது. கதிர் அறுக்கும் மிஷின்கள், அவை நிற்கக் கொட்டகை, கொட்டகைக்குள் வெல்டிங்கிலிருந்து கிரைண்டர் வரைக்கும் எல்லாமே சொந்தச் சம்பாத்தியம். இன்ஜின் ஓடும் சத்தத்தைக் கேட்டே எந்த பேரிங் போயிருக்கிறது என்று சொல்லிவிடுவேன்.

இப்பேர்ப்பட்ட ஆளை மண்ணைக் கவ்வ வைத்தது ஒரு தோசைக்கல்.

என் மருமகள் தேன்மொழி முத்துப்பேட்டைக்காரி. கல்யாணத்தில் அவளுக்குப் போட்ட நகையை ஊரே பார்த்தது. ஆனால் அவள் அம்மா, என் சம்பந்தி பாக்கியம் அம்மாள், மண்டபத்துப் பின்கட்டில் வைத்து மகள் கையில் கொடுத்த பொருள் வேறு. புடவைத் தலைப்பால் துடைத்துத் துடைத்து ஒரு பழைய இரும்பு தோசைக்கல்லைக் கொடுத்தார். பாக்கியம் அம்மாள் கடைத்தெருவில் இட்லி தோசைக் கடை போட்டு மூன்று பெண்களை வளர்த்தவர். அந்தக் கல்தான் கடையே. மூத்த பெண்கள் இரண்டு பேரும் அதற்கு ஆசைப்பட்டிருக்கிறார்கள். கடைக்குட்டிக்குக் கொடுக்கும்போது ஒரு நிபந்தனையும் சேர்த்தே கொடுத்தார்.

"ஒழுங்கா வச்சுக்கிட்டா ஒன்னோடது. கெடுத்தேன்னு தெரிஞ்சா தூக்கிட்டுப் போயி பெரியவகிட்ட குடுத்துடுவேன்."

அவர் இதைச் சொன்னபோது நானும் பக்கத்தில்தான் நின்றேன். காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. என் கண்ணுக்கு அது வட்டமான ஒரு கரிக்கட்டை. தேன்மொழி வந்த பிறகு எங்கள் வீட்டுத் தோசை முறுகலாகி, ஓரம் தானாகத் தூக்கிக்கொண்டு வந்தது உண்மைதான். அதற்கு நான் மாவைப் பாராட்டினேன்.

அந்த வருஷம் குறுவை அறுப்பு சீக்கிரமே முடிந்துவிட்டது. ஆயுத பூஜைக்கு முதல் நாளே மிஷின் எல்லாம் கழுவி, கிரீஸ் அடித்து, மாப்பிள்ளை மாதிரி நின்றன. எனக்கோ கை சும்மா இருக்க மாட்டேன் என்றது. மறுநாள் சம்பந்தியம்மா வருகிறார். மகள் புகுந்த வீட்டில் முதல் ஆயுத பூஜை. என் மனைவி வசந்தாவும் மருமகளும் பூவும் பொரிகடலையும் வாங்க மன்னார்குடிக்குப் போயிருந்தார்கள். அப்போதுதான் எனக்கு அந்த யோசனை உதித்தது. ஆயுதம் என்றால் ஸ்பேனர் மட்டும்தானா? சமையல்கட்டில் கிடப்பவையும் ஆயுதம்தானே? (யோசனை நல்ல யோசனைதான். இன்றைக்கும் அதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.)

ஒரு பெரிய கூடையில் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். அரிவாள்மனையை, அறுப்பு பிளேடு தீட்டுகிற சக்கரத்தில் தீட்டினேன். முறுக்கு அச்சு இறுக்கமாக இருந்தது, உள்ளே கிரீஸ் தடவினேன். பருப்பு மத்தை டீசலில் முக்கி வேஸ்ட் துணியால் துடைத்தேன் (மத்து மரம் என்பதும், மரம் குடிக்கும் என்பதும் அன்றைக்கு ஞாபகத்துக்கு வரவில்லை).

கடைசியாகத் தோசைக்கல். உப்புத்தாளுக்கு அது மசியவில்லை. கம்பி பிரஷ் வழுக்கியது. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. கிரைண்டரை எடுத்தேன். கறுப்பு தூளாகப் பறந்தது, பறந்துகொண்டே இருந்தது. ஒரு பொம்பளை இத்தனை அழுக்கோடா தோசை சுட்டிருக்கிறாள் என்று எனக்கே மனசு கேட்கவில்லை. பிறகு அடியிலிருந்து வெள்ளி எட்டிப் பார்த்தது. வெள்ளி என்றால் வெள்ளிதான், பௌர்ணமி நிலாவைக் கீழே இறக்கி வைத்தது போல. அதில் என் முகம் தெரிந்தது. தோசைக்கல்லைப் பார்த்து மீசையை முறுக்கிக்கொண்ட ஒரே ஆள் இந்த டெல்டாவில் நானாகத்தான் இருப்பேன்.

பூஜை வரிசையில் ஸ்பேனர்களுக்கு நடுவே அதை நிறுத்தி, பொட்டு வைத்துவிட்டுக் காத்திருந்தேன். பெண்கள் இரண்டு பேரும் வந்தார்கள். பார்த்தார்கள். சத்தமே இல்லை.

"பேச்சே வரல, பாத்தியா?" என்றேன் வசந்தாவிடம்.

தேன்மொழி கிட்டே வந்து குனிந்தாள். "மாமா, இது என் கல்லா?"

"உன் கல்லுதான் தாயி. இத்தன நாளா அழுக்குக்குள்ள ஒளிஞ்சு கெடந்திருக்கு."

அவள் ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள். சுட்டது மாதிரி விரலை எடுத்துக்கொண்டாள். கொல்லைப்பக்கம் போய்விட்டாள்.

"ஏங்க," என்றாள் வசந்தா, "கை அரிச்சா சொறிஞ்சுக்கக் கூடாதா?"

"என்னாடி ஆச்சு இப்ப?"

"அது அழுக்கு இல்லைங்க. அவங்கம்மா ஊத்துன எண்ணெ. வருஷக்கணக்கா ஏறி ஏறிக் கறுத்தது. தோசை ஒட்டாம எழும்புறதே அதுலதான்."

"எண்ணெதானே? நான் வாங்கித் தரேன், புதுசா ஊத்திக்க வேண்டியதுதான."

வசந்தா தலையில் அடித்துக்கொள்ளக் கையைத் தூக்கி, கையில் பூ இருந்ததால் விட்டுவிட்டாள். "நாளைக்கு அந்தம்மா வந்து கல்லத் தூக்கிட்டுப் போவாங்க. அந்தப் புள்ள மூஞ்சிய நீங்களே பாத்துக்குங்க."

மறுநாள் பாக்கியம் அம்மாள் வந்தார். நான் என்ன செய்திருக்க வேண்டும்? வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டும். அது என் ரத்தத்திலேயே கிடையாது. வண்டி, வெல்டிங், கிரைண்டர் என்று ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே போனவன், பழக்க தோஷத்தில், "இது நானே பாலிஷ் போட்டது" என்று கல்லையும் காட்டிவிட்டேன்.

அந்த அம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"ஏன் சம்பந்தி, இதுல தோசை சுடுறதா, தலை சீவுறதா?"

என் கொட்டகை ஆட்கள் மிஷினுக்குப் பின்னால் போய்ச் சிரித்தார்கள்.

"ஊத்திப் பாத்தாத் தெரியும்," என்றார் அடுத்து. ஆனால் பூஜையில் வைத்த ஆயுதத்தை அன்றைக்கே எடுத்துப் புழங்கக் கூடாதே! விஜயதசமியன்றுதான் எடுக்க வேண்டும். ஆக, தண்டனை மறுநாளைக்கு என்று ஆனது. அந்த ஒரு நாள் முழுக்கத் தேன்மொழி எனக்கு ஓடி ஓடிக் காபி கொடுத்தாள், பலகாரம் கொடுத்தாள், ஒரு சொல் கோபமாகப் பேசவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது பேசித் தப்பித்திருப்பேன்.

விஜயதசமி காலையில் பாக்கியம் அம்மாளே அடுப்பில் கல்லை ஏற்றினார். மாவு விழுந்தது. விழுந்த இடத்தில் வேர் விட்டது. தோசைத் திருப்பியால் தள்ளினார், நெம்பினார், சுரண்டினார். மேல்பாதி வந்தது, அடிப்பாதி கல்லோடு குடித்தனம் நடத்தியது. போதாக்குறைக்கு, அந்த மத்தால் பருப்பு கடைந்து வைத்த சாம்பாரில் டீசல் மணந்தது. என் மகன் ஒரு வாய் வைத்துவிட்டு, "அப்பா, சாம்பார் ஸ்டார்ட் ஆகுதா பாருங்க" என்றான்.

யாரும் சிரிக்கவில்லை. பாக்கியம் அம்மாள் அடுப்பை அணைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"சம்பந்தி, உங்களுக்கு வயலு இருக்குல்ல?"

"இருக்கு."

"ஒருத்தன் ஜேசிபிய விட்டு மேல்மண்ண வழிச்சு செங்கச் சூளைக்கு ஏத்திட்டான்னு வைங்க. அடியில நல்லா மழமழன்னு களிமண்ணு தெரியுது. வயலு சுத்தமாயிடுச்சுன்னு சந்தோஷப்படுவீங்களா?"

ஐயா, மேல்மண் அள்ள வந்த ஜேசிபியின் முன்னால் குறுக்கே படுத்தவன் நான். ஆறு கொண்டுவந்து போட்ட வண்டலை மனுஷனால் செய்ய முடியாது, வழித்தால் போச்சு என்று ஊர்க்கூட்டத்தில் கத்தியவன் நான். அதே கையால் கிரைண்டரைப் பிடித்திருக்கிறேன்.

பாக்கியம் அம்மாள் கல்லைத் துணியில் சுற்றத் தொடங்கினார். தேன்மொழி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் தாடை மட்டும் அசைந்தது. எனக்குப் பொறுக்கவில்லை.

"சம்பந்தி, நிறுத்துங்க. கெடுத்தது நானு. அந்தப் புள்ளைக்கு எதுக்குத் தண்டனை? நான் இரும்போட பொறந்தவன். நானே பழையபடி ஆக்கித் தரேன்."

"நீங்களா? அடுப்பப் பத்த வச்சிருக்கீங்களா என்னைக்காவது?"

"இன்ஜினையே பத்த வைக்கிறேன்."

அவர் சுற்றிய துணியை அவிழ்த்தார். "சரி. பொங்கலுக்கு வரேன். உங்க கையால ஒரு தோசை. ஒட்டாம வந்துச்சுன்னா கல்லு இங்க. ஒட்டுச்சுன்னா பெரியவ வீட்டுக்கு. இவ வாயால சொல்லிக் குடுக்கலாம், கை வைக்கக் கூடாது."

அன்றையிலிருந்து நான் சமையல்கட்டில் வேலைக்குச் சேர்ந்தேன். தேன்மொழி முக்காலியில் உட்கார்ந்துகொண்டு சொல்வாள், நான் செய்வேன். முதலில் சோறு வடித்த கஞ்சியில் கல்லை ஊறப்போட்டேன். கழுவி, ஈரம் போகத் துடைத்து, நல்லெண்ணெய் தடவி வெயிலில் வைத்தேன். பிறகு அடுப்பில் ஏற்றிப் புகைய விட்டு, பாதி வெங்காயத்தைக் கரண்டியில் குத்தி வட்டமாகத் தேய்க்க வேண்டும். ஆற விட்டு மறுபடியும் எண்ணெய், மறுபடியும் சூடு.

நான்தான் பெரிய ஆள் ஆயிற்றே, சீக்கிரம் ஆகட்டும் என்று எண்ணெயைக் கொட்டினேன். கல் கோந்து மாதிரி பிசுபிசுத்தது. "மாமா, எண்ணெ இருக்குறதே தெரியக் கூடாது. தடவிட்டு, தடவலைன்னு நெனச்சுத் துடைக்கணும்" என்றாள். கொஞ்சம் கறுப்பு ஏறியதும் சந்தோஷத்தில் சோப்பு போட்டு, கம்பிநாரால் தேய்த்துக் கழுவி வைத்தேன். மறுபடியும் முதலிலிருந்து. "சோப்புக்கும் இதுக்கும் ஆகாது மாமா. சூட்டுலயே துணியால தொடைச்சா போதும். ஈரத்தோட வச்சா துருப்பிடிக்கும்." கொட்டகையில் ஆட்களை அதட்டுகிற நான், "சரிம்மா, சரிம்மா" என்று தலையாட்டினேன்.

பிய்ந்த தோசைகளைக் கொட்டகை ஆட்களுக்கு எடுத்துப்போவேன். தூக்குச்சட்டியோடு நான் வருவதைப் பார்த்தாலே, "அண்ணே, நாங்க சாப்ட்டாச்சு!" என்று மிஷினுக்கு அடியில் படுத்துவிடுவார்கள். எதிர்வீட்டுக்காரர் வந்து, "காலையில காலையில என்னமோ சுரண்டுற சத்தம் கேக்குதே, தரையப் பேத்து எடுக்குறீங்களா?" என்று விசாரித்தார்.

ஆனால் அந்தக் கல்லைப் பார்க்கப் பார்க்க எனக்கே ஆச்சரியமாகிவிட்டது. சூட்டில் முதலில் வைக்கோல் நிறம் வந்தது. பிறகு செம்பு. பிறகு மயில் கழுத்து மாதிரி ஒரு நீலம். மிஷின் ஷாஃப்ட் சூடேறி நீலம் பாய்வதை ஆயிரம் தடவை பார்த்து, கெட்டுப்போச்சு என்று தூக்கி எறிந்திருக்கிறேன். இது அழகு என்று ஒரு நாளும் தோன்றியதில்லை. நீலத்துக்கு மேல் எண்ணெய் படிந்து பழுப்பு ஏறியது. ஒவ்வொரு தோசையும் எழும்பும்போது கண்ணுக்குத் தெரியாத ஒரு படலத்தைக் கல்லில் விட்டுவிட்டுப் போகிறது. வெள்ளம் வடியும்போது வயலில் வண்டலை விட்டுப் போவது மாதிரி. அந்த அம்மாள் விடியலில் எழுந்து, பஸ்ஸுக்குப் போகிறவர்களுக்கும் வலைக்குப் போகிறவர்களுக்கும் சுட்ட தோசைகள் அத்தனையும் அந்தக் கல்லில் இருந்திருக்கின்றன. மூன்று பெண்களின் பள்ளிக்கூடமும் கல்யாணமும் அதில் இருந்திருக்கின்றன. என் கிரைண்டரில் தூளாகப் பறந்து கொட்டகை மூலையில் போய் விழுந்தது அதுதான். அது புரிந்த அன்றைக்குக் கொட்டகையைக் கூட்டவிடாமல் அந்த மூலையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றேன். பைத்தியம் என்று ஆட்கள் நினைத்திருப்பார்கள்.

பொங்கல் வந்தது. பாக்கியம் அம்மாளும் கரும்போடு வந்து இறங்கினார். மாட்டுப் பொங்கலன்று காலையில் நான் அடுப்பு முன்னால் நின்றேன். கல் காய்ந்தது. தண்ணீரைத் தெளித்தேன், முத்து முத்தாக உருண்டு ஓடியது. வெங்காயத்தால் ஒரு தேய்ப்பு. மாவை ஊற்றி வட்டமாக இழுத்தேன் (வட்டம் இல்லை, இலங்கை மாதிரி வந்தது. நிபந்தனையில் வட்டத்தைப் பற்றிப் பேச்சு இல்லை).

எல்லோரும் ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். வசந்தா வாய்க்குள் ஏதோ சாமியை வேண்டிக்கொண்டிருந்தாள். தேன்மொழி புடவைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு நின்றாள். ஓரம் பழுத்தது. பிறகு, யாரும் தொடாமலே, ஒரு பக்கம் மெல்ல எழும்பியது. தூங்குகிற குழந்தை கையைத் தூக்குமே, அப்படி. நான் திருப்பியை எடுக்கப் போனேன்.

"வேணாம் சம்பந்தி." பாக்கியம் அம்மாள் குனிந்து, இரண்டு விரலால் ஓரத்தைப் பிடித்து இழுத்தார். முழுத் தோசையும் காகிதம் மாதிரி கையோடு வந்தது. கல்லில் ஒரு துணுக்கு இல்லை.

அவர் ஒரு விள்ளலைப் பிய்த்து வாயில் போட்டு மென்றார்.

"உப்பு கம்மி," என்றார். பிறகு மகளைப் பார்த்து, "கல்லு ஒன்னோடதுடி. ஆனா கொட்டகைப் பக்கம் கண்ணுல காட்டாத" என்றார்.

தேன்மொழி அழுதாள். அழுதுகொண்டே எனக்குத்தான் முதல் தோசை சுட்டுக் கொடுத்தாள். அது வட்டமாக இருந்தது.

இப்போது எங்கள் ஊரில் யார் வீட்டில் புது இரும்புக் கல் வாங்கினாலும் எண்ணெய் ஏற்றிப் பழக்கித் தரச் சொல்லி என்னிடம்தான் வருகிறார்கள். நான் மாட்டேன் என்பதில்லை (இதிலும் என்னை மிஞ்ச ஆள் கிடையாது என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்). ஆனால் வீட்டில் எனக்கு மரியாதை இவ்வளவுதான்: ஏதாவது கல்யாணத்துக்குக் கிளம்பும்போது கொல்லையில் நின்று சோப்பு போட்டு முகத்தை அழுத்தித் தேய்த்துக் கழுவிக்கொண்டிருப்பேன். உள்ளேயிருந்து வசந்தா குரல் கொடுப்பாள்.

"ஏங்க, பாத்துத் தேயுங்க! இத்தன வருஷமாப் பழக்கி வச்ச மூஞ்சி. பளபளன்னு ஆயிடுச்சுன்னா அப்புறம் யாரு ஒங்கள வச்சுப் புழங்குறது?"

மருமகள் சிரிக்கிற சத்தம் தெரு வரைக்கும் கேட்கும்.