முன்னெச்சரிக்கை சாரும் பின்லாந்து விருந்தாளியும்

உலகத்தின் எந்த மூலையில் யார் வழி தவறினாலும் அதற்குத் தானே பொறுப்பு என்று நினைத்துக் கவலைப்படும் மனிதர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். தாம்பரம் கேம்ப் ரோடு பக்கம் நான் வேலை பார்த்த கல்லூரியில் அவர் விலங்கியல் பேராசிரியர். பெற்றோர் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. எங்களுக்கு அவர் முன்னெச்சரிக்கை சார்.

ஒருமுறை ஆசிரியர்கள் எல்லோரும் வண்டலூர் உயிரியல் பூங்காவுக்குப் போனோம். கல்லூரியிலிருந்து அதிக தூரமில்லை. சார் விசில், டார்ச் லைட், குளுக்கோஸ் பாக்கெட் சகிதமாக வந்து, நுழைவாயிலிலேயே எங்களை வரிசையாக நிற்க வைத்தார். "யாராவது தொலைஞ்சு போனா பதறாதீங்க. நேரா நீர்யானைகிட்ட வந்து நில்லுங்க. இருக்கறதிலேயே அதுதான் இடத்தை விட்டு நகராது."

அன்று தொலைந்தவர் அவர் ஒருவர்தான். நீர்யானைக்கு எதிரே, அதைப் போலவே அசையாமல் நின்றுகொண்டிருந்தார். "பாத்தீங்களா, ஐடியா வேலை செய்யுது!" என்றார் பெருமையாக.

எங்கள் கல்லூரியில் ஏரிகளைப் பற்றி ஒரு சர்வதேசக் கருத்தரங்கு ஏற்பாடானபோது, வெளிநாட்டு விருந்தினர்களுக்கான பயணக் குறிப்பு எழுதும் வேலை இவரிடம் போய்ச் சேர்ந்தது. ஆங்கிலத் துறை என்பதால் பிழை பார்க்க என்னையும் சேர்த்துவிட்டார்கள். கருத்தரங்கை நடத்திய தாவரவியல் மேடம் இணையதளத்தில் போட அரைப் பக்கம்தான் கேட்டார். ஏர்போர்ட்டிலிருந்து எப்படி வருவது, என்ன உடை கொண்டுவருவது, அவ்வளவுதான்.

சார் ஒரு புத்தகத்தையே எழுதிவிட்டார். "ஜி.எஸ்.டி. ரோட்டைத் தனியாகக் கடக்க முயல வேண்டாம். ஒரு மாடு கடக்கும்வரை காத்திருந்து அதன் பக்கத்திலேயே நடக்கவும்." "இங்கே ஒருவர் தலையை ஆட்டினால் ஆமாம், இல்லை, பார்க்கலாம் என்ற மூன்றில் ஒன்று. மறுபடி கேளுங்கள். மறுபடியும் ஆட்டுவார்." "சாப்பாடு போதும் என்று வாயால் சொல்லிப் பயனில்லை. இலை மீது குறுக்கே கவிழ்ந்துகொள்ளவும்."

மேடம் தலையில் கைவைத்துக்கொண்டார். "சார், இதைப் படிச்சா ஒருத்தரும் வர மாட்டாங்க!"

"வந்தவங்க ஒருத்தரும் தொலைய மாட்டாங்க, மேடம்."

அதோடு விட்டாரா? எழுதியதைப் பரிசோதிக்க ஒரு சனிக்கிழமை தானே வெளிநாட்டுக்காரராக மாறினார். தலையில் தொப்பி, கண்ணில் கூலிங் கிளாஸ், கையில் சக்கரம் வைத்த பெட்டி. ஏர்போர்ட் வாசலிலிருந்து தமிழே தெரியாதவர் போல வந்து தாம்பரம் சேர வேண்டும். சாட்சிக்கு நான். திரிசூலம் ஸ்டேஷனில் மின்சார ரயில் ஏறி உட்கார்ந்ததும், எதிர் சீட்டில் இருந்தவர் முகம் மலர்ந்தார்.

"என்ன பிரதர், போன ஞாயிறு சர்ச்சுக்கு வரலையே?"

"சாரி, ஐ ஆம் ஃப்ரம் பெல்ஜியம்" என்றார் சார்.

அந்த மனிதர் பயந்துபோய்ப் பல்லாவரத்திலேயே இறங்கிக்கொண்டார். நான் சிரித்துச் சிரித்து ஓய்ந்த பிறகு, "எதுக்கு சார் இவ்வளவு பாடு?" என்றேன். சார் கூலிங் கிளாஸைக் கழற்றினார்.

"வேலைக்குச் சேர்ந்த புதுசுல டெல்லில ஒரு கான்ஃபரன்ஸ். என் முதல் கட்டுரை. ஸ்டேஷனுக்கு ஆள் வரும்னு சொல்லியிருந்தாங்க. வரலை. இந்தி தெரியாது. யாரைக் கேட்டாலும் ஒவ்வொரு பக்கம் கை காட்டறாங்க. நாள் முழுக்க பெட்டி மேல உக்காந்திருந்துட்டு, அடுத்த ரயில்லயே திரும்பி வந்துட்டேன். அப்புறம் எங்கயுமே போகலை." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "நம்ம ஊர்ல ஒருத்தர் அப்படி உக்காரக் கூடாது."

எனக்குச் சிரிப்பு நின்றுபோயிற்று.

தாம்பரத்தில் இறங்கி மறுபடி கூலிங் கிளாஸ் மாட்டிக்கொண்டு ஆட்டோ ஸ்டாண்டுக்குப் போனார். அங்கே குணா. சாரைத் தினமும் பார்க்கிறவர்.

"இன்னா சார், மாறுவேஷமா? வூட்டுக்குத்தான? குந்து."

"ஐ டோன்ட் நோ டமில்."

குணா என்னைத் தனியே இழுத்தார். "அண்ணா, சாருக்கு இன்னா ஆச்சி? வூட்ல எதுனா பேஜாரா?"

விஷயத்தை விளக்கினேன். விருந்தினர்கள் சொல்வதற்காக சார் ஆங்கில எழுத்தில் எழுதி வைத்திருந்த தமிழ் வாக்கியத்தைப் படித்தும் காட்டினேன்: 'ஐயா, நான் வழி தவறிவிட்டேன், தயைகூர்ந்து உதவுங்கள்.'

"இது இன்னாது, கோர்ட்டுல சாட்சி சொல்ற மாரி கீது? 'அண்ணா, நான் தொலஞ்சி பூட்டேன், இட்னு போ'ன்னு சொல்லச் சொல்லு சார். லேடீஸா இருந்தா அக்கான்னு மாத்திக்கட்டும். எங்க சொன்னாலும் நாலு பேரு ஓடி வருவான்" என்றார் குணா, சார் பக்கம் திரும்பி.

சார் அங்கேயே நின்று வாக்கியத்தை மாற்றினார். இணையதளத்தில் மேடம் அரைப் பக்கம்தான் போட்டார். சார் முழுவதையும் தன் மெயிலிலிருந்து எல்லா விருந்தினர்களுக்கும் அனுப்பிவிட்டார்.

கருத்தரங்கு தொடங்கிய அன்று கார்த்திகை மழை. ஏரிகளைப் பற்றிப் பேசக் கூடினோம், கேம்ப் ரோடே ஏரியாகிவிட்டது. தொடக்க உரை நிகழ்த்த பின்லாந்திலிருந்து ஐனோ என்ற பேராசிரியை வர வேண்டும். காலையில் வந்திறங்கியவரை அழைக்கப் போன கல்லூரி வேன் குரோம்பேட்டைத் தண்ணீரில் நின்றுவிட்டது. அந்த அம்மாள் போனை எடுக்கவில்லை. அரங்கம் நிறைந்துவிட்டது. மேடத்துக்குக் கண்ணில் நீர் முட்டியது.

சாரின் முகம் வெளுத்துவிட்டது. "எங்க உக்காந்திருக்காங்களோ" என்று முணுமுணுத்தபடி குடையை எடுத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். "சார், நீங்களும் தொலைஞ்சா தேட ஆள் இல்ல!" என்று கையைப் பிடித்து இழுத்தேன்.

அப்போது படகு போல அலையைத் தள்ளிக்கொண்டு ஓர் ஆட்டோ உள்ளே வந்தது. ஓட்டி வந்தவர் குணா. பின்னால், முழங்கால்வரை நனைந்த வெள்ளைக்கார அம்மாள். பக்கத்தில் மீன் கூடையோடு ஓர் அக்கா.

நடந்தது இதுதான். வேனுக்காகக் காத்துப் பார்த்த ஐனோ, சாரின் மெயிலில் இருந்தபடியே திரிசூலத்தில் ரயில் ஏறியிருக்கிறார். பயணக் களைப்பில் தூங்கிப்போய், தாம்பரத்தைத் தாண்டி வண்டலூரில் இறங்கியிருக்கிறார். பிளாட்பாரத்தில் கூடையோடு உட்கார்ந்திருந்த கோவளத்து மீன்கார அக்காவிடம் போய், அந்த வாக்கியத்தைச் சொல்லியிருக்கிறார்.

"நம்ப பாஷையில, 'அக்கா, தொலஞ்சி பூட்டேன்'னு சொல்லிச்சி சார். அப்பிடியே வுட்டுட்டுப் போக மனசு வருமா? அடுத்த ரயில்ல நானே இட்னு வந்துட்டேன்" என்றார் அக்கா.

"ஸ்டாண்டுல வந்து அத்தையே என்கிட்டயும் சொல்லிச்சி. நம்ப டயலாக்காச்சேன்னு உடனே ஏத்திகினேன்" என்றார் குணா.

மேடம் நீட்டிய பூங்கொத்தை ஐனோ வாங்கி, மீன்கார அக்காவிடம் கொடுத்துவிட்டார். அக்கா அதைப் பத்திரமாக வஞ்சிர மீன் மேல் வைத்துக்கொண்டார். சார் கூரைக்கு அடியில் நின்றுகொண்டிருந்த அந்த அம்மாளுக்கு விரித்த குடையைப் பிடித்தபடியே நின்றார். "சார், உள்ள வந்தாச்சு, மடக்குங்க" என்றேன். காதில் விழவில்லை.

மறு ஆண்டு பின்லாந்தில் நடந்த கருத்தரங்குக்கு ஐனோ சாரை அழைத்தார். சார் போகலாமா வேண்டாமா என்று ஸ்டாஃப் ரூமில் எல்லோரையும் கேட்டார், எல்லோரும் தலையை ஆட்டினோம். கடைசியில், பயணக் குறிப்பு அனுப்பினால் யோசிக்கிறேன் என்று ஐனோவுக்கு எழுதினார். இரண்டே வரியில் பதில் வந்தது. 'கதவைத் தாண்டி வெளியே வாருங்கள். நான் நின்றுகொண்டிருப்பேன்.'

சார் அதை என்னிடம் காட்டினார். பிழை பார்க்கவா என்று கேட்டேன். "வேணாம், சரியாத்தான் இருக்கு" என்றவர், அன்றே டிக்கெட் எடுத்துவிட்டார்.

அவர் புறப்பட்ட அன்று காலை முழுவதும் ஏர்போர்ட்டை ஒட்டிய பொழிச்சலூரில் என் வீட்டு மொட்டை மாடியில் நின்றேன். தலைக்கு மேலே போன எந்த விமானத்தில் அவர் இருந்தார் என்று தெரியாது. ஒன்றைக்கூட விடாமல் எல்லாவற்றுக்கும் கை காட்டினேன்.