அம்பத்தூருக்கு வர மறுத்து எழுதியது

புதுப்பட்டினம் குப்பம்,
வியாழக்கிழமை.

அன்புள்ள மூர்த்தி மச்சானுக்குத் திருவேங்கடம் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நானும் உங்கள் தங்கை அம்சாவும் முழங்காலுக்கு மேலே நலம். அதற்குக் கீழே இன்னும் ஈரம்.

"வூட்டப் பூட்டிகினு அம்பத்தூர் வந்துடு மாப்ள" என்று போனில் சொன்னீர்கள். வாயால் பதில் சொன்னால் குறுக்கே பேசுவீர்கள் என்பதால் எழுத்தில் சொல்கிறேன்: வரமாட்டோம்.

எனக்குக் கல்யாணமான புதிதில் புயல் தண்ணீர் காலையில் வந்தால் சாயந்திரமே முகத்துவாரம் வழியாகக் கடலுக்குத் திரும்பிவிடும், அதுவும் வாசலோடு சரி, இப்போதோ முகத்துவாரம் மண்ணடைத்துக் கிடப்பதால் இந்தப் புயலில் ஆறு நாள் வீட்டுக்குள் தங்கியது, சமையலறையில் நண்டு குடிவந்துவிட்டது, கணக்கெடுக்க வந்த அதிகாரி வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டதற்கு அம்சா, "ரெண்டு பேரு, பதினோரு நண்டு" என்றாள், அவரும் அசதியில் பதின்மூன்று என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்.

எங்கள் வீட்டுக்கு முன்னால் இருந்த மணல்மேடு உங்களுக்கு நினைவிருக்கும். கடல் மறைக்கிறதென்று பக்கத்து விடுதிக்காரர் அதை வாரிச் சமன் செய்துவிட்டார். இப்போது அவருக்குக் கடல் தெரிகிறது, கடலுக்கு எங்கள் வீடு தெரிகிறது. மேடு திரும்ப வளர வேண்டுமானால் மணலைப் பிடித்துவைக்க அடம்பங்கொடி வேண்டும் என்று அம்சா குப்பத்துப் பெண்களோடு போய் நட்டாள், விடுதிக் காவலாளி மணி களையென்று பிடுங்கினார், மறுபடி நட்டாள், மறுபடி பிடுங்கினார், மூன்றாம் முறை அம்சா அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

"மொதலாளி சுத்தமா வெக்கச் சொன்னாரு, இன்னா பண்றது நானு?"

"உன் வூடு எங்க கீது?"

"உங்க வூட்டுக்குப் பின்னாடிதான்."

"அப்ப அடுத்த தண்ணி என்னியத் தாண்டி உன்கிட்டதான் வரும். குந்து, நடு."

மணி தான் பிடுங்கிய கொடியைத் தானே எடுத்தார். பிறகு குந்தி நட்டார். இப்போது கொடியடியில் ஒரு சாண் மணல் சேர்ந்திருக்கிறது மச்சான். ஒரு சாண்தான். ஆனாலும் அதை விட்டுவிட்டு எங்கே வருவது?

உங்கள் வீட்டில் தமிழரசி அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நோய்நொடியில்லாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
அசையாத
திருவேங்கடம்

பி.கு.: நேற்று மறுபடி கொட்டிய மழையில் தபால் நிலையத்துக்குள் தண்ணீர் புகுந்ததால் தபால் பெட்டியைக் கழற்றிவிட்டார்கள். ஆகவே இதை நானும் அம்சாவும் சனிக்கிழமை பஸ்ஸில் நேரிலேயே கொண்டுவருகிறோம். இரண்டு மூட்டைத் துணியும் கூட வரும். நீங்கள் படித்து முடித்த உடனே கிளம்பிவிடுவோம். மெதுவாகவே படியுங்கள்.