ஐம்பத்து நாலாயிரத்துப் பன்னிரண்டு நடைப்பிரியர்கள்

மனிதன் எதற்காக இரண்டு காலில் எழுந்து நின்றான் என்ற கேள்விக்கு ஞானிகள் ஆளுக்கொரு பதில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். சரியான பதிலைக் கண்டுபிடித்த பெருமை நடைப்பயண மேம்பாட்டுத் துறையையே சேரும். மனிதன் எழுந்து நின்றது, இயற்கைக் காட்சிகளைப் பார்த்துக்கொண்டே நடப்பதற்காக. பஸ்ஸில் உட்காருவதற்காக அல்ல.

இதைத் துறை வெறும் வாயால் சொல்லவில்லை. மேட்டுக் குடியிருப்பிலிருந்து பள்ளத்துச் செங்கல் சூளைக்கு ஓடிக்கொண்டிருந்த ஒரே பஸ் மூன்று வருஷத்துக்கு முன்னால் நின்றுபோனது. சூளையில் வேலை செய்யும் தொண்ணூறு பேரும் காட்டு வழியே நடந்தார்கள். நடந்து நடந்து ஒரு தடம் விழுந்தது. அந்தத் தடத்தைத் துறை 'கண்டுபிடித்தது'. கண்டுபிடித்த அன்று அதில் தொண்ணூறு பேர் நடந்துகொண்டிருந்தார்கள் என்பதால் கண்டுபிடிப்பின் மதிப்பு குறைந்துவிடாது.

'ஒரே நடையில் ஐவகை நிலம்!' என்று துறை துண்டுப் பிரசுரம் போட்டது. மலை இருந்தது, காடு இருந்தது. ஓடைக்கரைச் சேற்றை வயல் என்று வைத்துக்கொண்டார்கள். பாலைக்குச் சூளையே போதும். கடல்தான் இல்லை. உப்பு இருந்தால் சரி என்று விட்டுவிட்டார்கள். அது நடக்கிறவர்களின் சட்டை முதுகிலேயே பூத்திருந்தது.

பாதையின் வாயிலில் இரண்டு கம்பங்கள் நட்டு, ஒன்றில் கண்ணாடிக் கண் வைத்த பெட்டியை மாட்டினார்கள். ஆள் தாண்டும்போதெல்லாம் 'டிக்' என்றது. 'நடைப்பிரியர் எண்ணும் கருவி' என்று அதன் மேல் எழுதியிருந்ததை முதலில் வாசித்தவர் கல்லறுக்கிறவர். சூளையில் களிமண்ணை அச்சில் அடித்துக் கல் அறுப்பது அவர் வேலை. நாற்பத்தாறு வயதில், ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குப் போய் எழுத்துக் கற்றவர். கண்ணில் படுவதையெல்லாம் எழுத்துக் கூட்டி வாசிக்கிற வியாதி அவருக்கு இருந்தது.

அவர் மனைவி அதே சூளையில் கல் சுமப்பவள். அவளுக்கு முட்டி போய்விட்டது. பாறைச் சரிவு வந்தால் குழந்தை மாதிரி உட்கார்ந்து உட்கார்ந்துதான் இறங்குவாள். ஏழு மணிக்குச் சூளையில் நிற்க வேண்டியவள் ஏழரைக்கு வந்தாள்.

"இன்னும் ரெண்டு மாசம் பாப்பேன். அதுக்கப்புறம் வேற ஆளைப் போட்டுக்குவேன்" என்று மேஸ்திரி சொல்லிவிட்டார்.

கல்லறுக்கிறவர் தன் கையாலேயே மனு எழுதிக்கொண்டு அலுவலகம் போனார். போக்குவரத்து அதிகாரி மாற்றலாகிப் போயிருந்ததால் நடைப்பயண அதிகாரியே அந்த நாற்காலியையும் 'கூடுதல் பொறுப்பாக' வகித்தார். நாற்காலி ஒன்றுதான். சுழலும் நாற்காலி. வலப்பக்க மேசை பஸ்ஸுக்கு, இடப்பக்க மேசை நடைக்கு.

"ஐயா, எங்க பஸ்ஸைத் திரும்ப விடணும்."

நாற்காலி வலப்பக்கம் திரும்பியது. முகம் இறுகியது. "அங்க பஸ் ஏற ஆளே இல்லயேப்பா. போன வருஷம் டிக்கெட் வாங்கினவங்க எத்தனை பேர் தெரியுமா? சைபர்!"

"பஸ்ஸே இல்லைங்களே ஐயா."

"காரணம் என்னவா வேணா இருக்கட்டும். சைபர், சைபர்தானே?"

"அதான் எல்லாரும் நடந்து போறோம்."

'நடந்து' என்ற சொல் காதில் விழுந்ததும் நாற்காலி இடப்பக்கம் திரும்பியது. முகம் மலர்ந்தது. "அப்படிச் சொல்லு! போன வருஷம் எத்தனை நடைப்பிரியர்கள் தெரியுமா? ஐம்பத்து நாலாயிரத்துப் பன்னிரண்டு! என்ன ஆசையா நடக்கறாங்க!"

"ஆசையில்லைங்க ஐயா. வேற வழியில்ல."

"நல்ல பாதைக்கு அதானேப்பா அழகு?"

"என் சம்சாரத்துக்கு முட்டி போயிடுச்சு. அந்தச் சரிவுலயாவது நாலு படி வெட்டிக் குடுங்க."

"படியா!" அதிகாரி பதறிப்போனார். "படி வெச்சா அனுபவம் போயிடும்!"

திரும்பி வரும் வழியெல்லாம் கல்லறுக்கிறவர் கணக்குப் போட்டார். தொண்ணூறு பேர், போக வர இரண்டு தடவை, வருஷத்தில் முந்நூறு வேலை நாள். ஐம்பத்து நாலாயிரம் சரியாக வந்தது. பன்னிரண்டுதான் இடித்தது. வாயிலருகே வந்ததும் அதுவும் பிடிபட்டது. திறப்பு விழா அன்று அதிகாரி தன் குடும்பத்தோடு ஆறு பேராக உள்ளே போய், போட்டோ எடுத்துக்கொண்டு வெளியே வந்திருந்தார்.

வீட்டில் சொன்னபோது மனைவி முட்டிக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தாள். "அப்ப நம்ம காலை வெச்சே நம்ம பஸ்ஸை நிறுத்தி வெச்சிருக்கான்னு சொல்லுங்க."

"நாளையிலேருந்து ஒருத்தரும் அந்தக் கம்பத்து வழியாப் போக வேணாம்."

"பின்ன, பறக்கறதா?"

"பக்கத்து முள்ளுப் புதரு வழியா."

"முட்டிதான் போச்சு, தோலாவது எதுக்கு மிச்சம்ங்கறீங்க" என்றாள். ஆனால் மறுநாள் அரிவாளோடு முதலில் புதருக்குள் நுழைந்தவள் அவள்தான்.

மற்ற எண்பத்தொன்பது பேரும் அவள் பின்னாலேயே போனார்கள். புதர் வழி கால் மணி நேரம் கூடுதல். மேஸ்திரி கடிகாரத்தைப் பார்த்தார். அந்த மாதம் முழுக்கப் பெட்டி ஒரே ஒரு 'டிக்'தான் சொன்னது. அது ஒரு ஆடு.

கல்லறுக்கிறவர் இரண்டாவது மனுவோடு போனபோது அதிகாரி இடப்பக்கம் பார்த்தபடி கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்.

"ஒரே ஒரு நடைப்பிரியர்தான்ப்பா வந்திருக்கார். அவரும் உள்ள போனவர் திரும்பி வரலை."

"யாரும் ஆசைக்கு நடக்கலைன்னு இப்பத் தெரிஞ்சுதுங்களா ஐயா? பஸ்ஸை விடுங்க."

நாற்காலி வலப்பக்கம் திரும்பியது. "ஒருத்தர் போற இடத்துக்கு பஸ்ஸா? கூட்டம் இருந்தப்பவே கேட்டிருக்கலாமே நீ!"

"கேட்டேனே ஐயா."

"அப்பத்தான் எல்லாரும் ஆசையா நடந்துக்கிட்டிருந்தீங்களே! ஆமா, அத்தனை பேரும் எங்க போனாங்க?"

கல்லறுக்கிறவருக்குப் பொறுக்கவில்லை. காலைத் தூக்கிக் காட்டினார். முட்டியிலிருந்து கணுக்கால் வரை கோடு கோடாகக் கீறல். "இப்படிப் போறோம். முள்ளுக்குள்ள பூந்து. தொண்ணூறு பேரும்."

அதிகாரியின் கண்கள் கலங்கின. ஜெயித்துவிட்டோம் என்று கல்லறுக்கிறவர் நினைத்தார். நாற்காலி மெல்ல, மிக மெல்ல, இடப்பக்கம் திரும்பியது.

"புதுப் பாதையா?"

பதினைந்தே நாளில் புதர் வாயிலில் இரண்டு கம்பங்கள் முளைத்தன. பெட்டி இடம் மாறியது. ஒரு பலகையும் வந்தது. மனைவி கேட்டதால் கல்லறுக்கிறவர் வாசித்துக் காட்டினார்: "முள்வனப் பாதை. மனிதக் கை படாமல் இயற்கையாகவே உருவானது. தரம்: எளிது."

"சரியாத்தான் எழுதியிருக்கான்" என்றாள் அவள். "கை எங்க பட்டுச்சு, காலுதானே பட்டுச்சு" என்று சொல்லிவிட்டுப் பெட்டியைத் தாண்டினாள். டிக். அன்று ஏழே முக்காலுக்குச் சூளைக்குப் போய்ச் சேர்ந்தாள். இரண்டு மாதமும் அன்றோடு முடிந்திருந்தது. மேஸ்திரி சொன்ன சொல் தவறாதவர். அவள் இடத்தில் வேறு யாரோ கல் சுமந்துகொண்டிருந்தாள். புதிதாக வந்தவள் பக்கத்து ஊர்க்காரி, சூளையிலேயே தங்கிக்கொள்பவள்.

மறுநாளிலிருந்து பெட்டி தினமும் நூற்றெண்பதுக்குப் பதிலாக நூற்றெழுபத்தெட்டுதான் காட்டியது. இரண்டு 'டிக்' குறைந்ததைக்கூடக் கவனிக்கிற துறை உலகத்தில் வேறெங்கே இருக்கிறது? விசாரணைக் குழு அமைத்தார்கள். வீடு வீடாக விசாரித்து, ஒரு படிவத்தை அவள் கையிலேயே கொண்டுவந்து கொடுத்தார்கள். கல்லறுக்கிறவர் வாசித்தார்.

"நடப்பதில் தாங்கள் ஆர்வம் இழந்தது ஏன்? ஏதேனும் ஒரு கட்டத்தில் குறியிடவும். அ, காட்சிகள் போதவில்லை. ஆ, பாதை மிகவும் எளிதாக இருந்தது. இ, வேறு பாதைக்குச் சென்றுவிட்டேன்."

"அதுல முட்டி இருக்கா?"

"இல்ல."

"பஸ்ஸு?"

"அதுவும் இல்ல."

"அப்ப நீங்களே எழுதுங்க. எழுதத்தான் கத்துக்கிட்டீங்களே."

கல்லறுக்கிறவர் பேனாவை அழுத்திப் பிடித்து, இடமிருந்த ஓரத்தில் நாலாவதாக எழுதினார்: 'ஈ, பஸ் வரவில்லை. அதனால் என் மனைவிக்கு வேலை போனது.'

துறை அதற்கும் மரியாதையாகப் பதில் அனுப்பியது. தங்கள் கருத்துக்கு நன்றி, ஆனால் அதை எண்ணிக்கையில் சேர்க்க இயலவில்லை என்று வருத்தம் தெரிவித்திருந்தது. கட்டத்துக்கு வெளியே எழுதியதை எண்ணும் கருவி துறையிடம் இன்னும் இல்லையாம்.