கூடக்கொஞ்சக்காரர்

நம் ஊரில் கூடக்கொஞ்சக்காரர் என்று ஓர் இனம் உண்டு. கிள்ளானிலிருந்து காஜாங் வரை எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும் அவர்களில் ஒருவர்தான் வந்து திறப்பார். குக்கரில் இரண்டு விசில் போதும் என்றால் ஐந்து விடுவார். மாத்திரை மூன்று வேளை என்றால், சீக்கிரம் குணமாகட்டுமே என்று நான்காவதையும் விழுங்குவார். இவர் சொல்பேச்சு கேட்காதவர் அல்ல, ஐயா. கேட்காதவரைத் திருத்திவிடலாம். இவர் கேட்பவர், கேட்டுவிட்டு மேம்படுத்துபவர். ஆபத்தே அங்கேதான்.

பிரிக்ஃபீல்ட்ஸில் மாலைக்கடை வைத்திருக்கும் நாகையா அண்ணன் இந்த இனத்தின் சிகரம். மூட்டுவாதத்தில் அவருடைய விரல்கள் மடங்க மறுத்தன. நார் பிடிக்காத கைக்கு மாலைக்கடையில் என்ன வேலை? கடையைக் கைமாற்றிவிடலாம் என்றிருந்த நேரத்தில், ஆஸ்பத்திரியில் புதிய ஊசி மருந்து ஒன்றின் ஆய்வில் அவருக்கு இடம் கிடைத்தது.

அந்த மருந்தை உருவாக்கிய குழுவில் என் தங்கை தாமரையும் ஒருத்தி. நான் மூன்றாம் படிவத்தோடு பள்ளிப் படிப்பை நிறுத்தியவன். ஆனால் அவள் சொன்னதையெல்லாம் தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறேன். உயிருள்ள செல்களைக் குடுவையில் வளர்த்து, அவை சுரக்கும் புரதத்தைப் பிரித்து, வடிகட்டி, சரியில்லை என்று கொட்டிவிட்டு மறுபடி வளர்த்து, எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, நோயில்லாத நாற்பது பேருக்குக் கொடுத்துப் பார்த்து, அதன்பிறகே நோயாளிகளிடம் வந்து, இரண்டு டிகிரிக்குக் குறையாமல் எட்டு டிகிரியைத் தாண்டாமல் பெட்டியில் பயணம் செய்து, பதினோரு ஆண்டுகள் கழித்து அந்த மருந்து பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது. எங்கே? நாகையா அண்ணனின் ஃப்ரீசருக்கு.

நர்ஸ் ஷாமினி தெளிவாகத்தான் சொல்லியிருந்தார். நான்கு ஊசிப் பேனாக்கள், இரண்டு வாரத்துக்கு ஒன்று, ஃப்ரிட்ஜின் நடுத்தட்டு, உறையவே கூடாது. கூடவே, குளிரைப் பதிந்துகொண்டே இருக்கும் ஒரு குட்டிக் கருவி.

இரண்டு மாதம் கழித்து அண்ணனை நான்தான் காரில் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போனேன்.

"ஒன் தங்கச்சி மருந்துல பவரே இல்ல லா, தம்பி. வெரலு அப்படியே கெடக்கு. கடைத்தெருவுல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்."

பதினோரு ஆண்டுகள், ஒரு கடைத்தெரு.

ஆஸ்பத்திரியில் ஷாமினி கருவியைக் கணினியில் செருகினார். "அங்கிள், மைனஸ் பதினெட்டு காட்டுது! எங்க வச்சீங்க?"

"ஃப்ரீசர்ல."

"நடுத்தட்டுன்னு சொன்னேனே!"

"அங்க பையனோட கோழிக்கறி இருக்கும்மா. நான் தைப்பூச விரதம். மருந்தைப் போய் கோழி பக்கத்துல ஒக்கார வைக்கலாமா? ஃப்ரீசரை மஞ்சத்தண்ணி விட்டுக் கழுவி, தனியா வச்சேன். குளிர் வேணும்னீங்க. அங்க இன்னும் நல்லாக் குளிருதே!"

"உறைஞ்சா கெட்டுப் போயிடும் அங்கிள். கல்லு மாதிரி இருந்திருக்குமே, சுடுதண்ணில போட்டீங்களா?"

"சேச்சே, அவ்வளவு வெவரம் கெட்டவனா நானு? முருகன் வெளக்கு முன்னால வச்சு எளக வச்சேன்."

ஷாமினி கண்ணை மூடித் திறந்தார். டாக்டர் வந்தார். "இன்னொரு தடவை இப்படின்னா ஆய்வுலேர்ந்து உங்கள எடுக்க வேண்டியதுதான்," என்றார். அண்ணன் தம் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

புதிதாக நான்கு பேனாக்கள் கொடுத்தார்கள். இனி எதையும் மேம்படுத்த மாட்டேன் என்று பத்துமலை முருகன் கோயில் இருக்கும் திசையில் கையை நீட்டவைத்துச் சத்தியம் வாங்கினேன்.

அடுத்த இரண்டு மாதம் முடிந்து கருவியைப் பார்த்தால், ஐந்து டிகிரி, அடிமட்டம் வைத்துக் கோடு போட்டது போல. ஷாமினிக்கு நம்பிக்கை வரவில்லை. அண்ணனோ மருந்துப் பையில் கட்டியிருந்த நூலை அவிழ்த்து, பத்து விரலாலும் மாலை முடிச்சு போட்டுக் காட்டினார். டாக்டரே கைதட்டினார். ஆய்வில் இடம் உறுதி, கடை கைமாறவில்லை.

"எப்படி அங்கிள் இவ்வளவு கரெக்டா வச்சீங்க?"

"கதவைத் தொறந்தாத்தானே சூடு உள்ள போகும்? சங்கிலி போட்டுப் பூட்டிட்டேன்."

இரண்டு மாதமாக அந்த வீட்டில் ஃப்ரிட்ஜ் கதவு ஊசி நாளில் மட்டுமே திறந்திருக்கிறது. அவர் மனைவி நல்லம்மாள் அக்கா பாலையும் தயிரையும் பக்கத்து வீட்டில் வைத்துக் குடும்பம் நடத்துகிறார். பையன் சைவமாகிவிட்டான்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் நடுத்தட்டு என்று படித்தபோதே, 'கதவில் முட்டை வைக்கும் இடம் இன்னும் வசதியாயிற்றே, கோழியும் பக்கத்தில் இருக்காது' என்று உங்களுக்குத் தோன்றவில்லை? எனக்குத் தெரியும், தோன்றியது. அதுவும் கூடாது, கதவில் குளிர் நிலையாக நிற்காது. அப்படியானால் ஒரு துண்டில் சுற்றி வைக்கலாமே என்கிறீர்களா?

வணக்கம். வாருங்கள். உங்களைத்தான் தேடிக்கொண்டிருந்தேன்.