சாகும் முன் கேட்ட கணக்கு

பிரிண்டர் மறுபடியும் பூஜ்யத்தைத் துப்பியது.

சமையல்காரி கித்தேரியம்மாள் காகிதத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தாள். எப்படிப் பார்த்தாலும் பூஜ்யம்தான்.

"அப்ப அடுப்ப அணைச்சிட்டு வீட்டுக்குப் போகட்டுங்களா சார்?"

"இருங்கம்மா. வெரசா சரி பண்ணிர்றேன்."

அருள்மணி அந்தப் பெண்கள் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியின் கணக்கு ஆசிரியன். எண்பத்தேழில் மிஷன் அனுப்பிய, பீரோ உயரக் கம்ப்யூட்டர் அவன் பொறுப்பில் இருந்தது. அதன் முன் உட்கார்ந்தால் கொடைக்கானல் டிசம்பர்கூட அவனுக்கு உறைக்காது. ஆனால் விடுதி வார்டன் சிஸ்டர் அடைக்கலமேரி நேற்றே சொல்லிவிட்டார்.

"நாளைக்கு மத்தியானம் நான் பந்தியில எண்ணுறதும் உன் மெஷின் சொல்றதும் ஒண்ணா இருக்கணும். இல்லன்னா இந்த ரூம் தையல் கிளாசுக்கு."

புரோகிராம் சின்னதுதான். மத்தியானம் சாப்பிடுகிறவர்கள் என்று காலையில் அறைத்தலைவிகள் கொடுக்கும் பெயர்களை, 'குழாய்' என்ற கட்டளையால், திரும்பத் திரும்ப ஓடும் ஒரு சுற்றுக்குள் அனுப்பும். பெயருக்கு ஒன்றாகக் கூட்டும். சுற்று முடிந்ததும் மொத்தத்தை அச்சடிக்கும். மொத்தம்தான் பூஜ்யம்.

அருள்மணி குழாயை நீக்கினான். பெயர்களை ஒரே கோப்பாக்கி நேராகச் சுற்றின் வாய்க்குத் திருப்பிவிட்டான். பூஜ்யம்.

சுற்றுக்குள்ளேயே அச்சடிக்கச் சொன்னான். ஒன்று, இரண்டு, மூன்று என்று காகிதம் மேசையிலிருந்து இறங்கித் தரையில் ஓடியது. அவன் நிமிர்வதற்குள் கித்தேரியம்மாள் முதல் வரியைக் கிழித்துக்கொண்டு போய்விட்டாள்.

சற்று நேரத்தில் சிஸ்டர் வந்தார்.

"ஒரு ஆளுக்கு அரிசி களைஞ்சு வச்சிருக்கா! யாருக்குச் சோறு? உனக்கா, எனக்கா?"

அருள்மணிக்குக் காதில் விழவில்லை. தரையில் கிடந்த காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"உள்ளுக்குள்ள சரியாத்தான் எண்ணுது சிஸ்டர்."

"பெறகு?"

"குழாயப் போட்டா, நம்ம கட்டளைய வாங்கி நடத்துற ஷெல் புரோகிராம் தன்ன மாதிரியே ஒரு பிள்ளையப் பெத்து, சுத்துற வேலைய அதுகிட்ட விட்டுருது. கோப்பத் திருப்பிவிட்டாலும் அதே கததான். பிள்ளை எண்ணுது. வேலை முடிஞ்சதும் செத்துப்போகுது. எண்ணுனதும் கூடவே போயிருது. தாய்கிட்ட இருக்கிறது பழைய பூஜ்யம்."

சிஸ்டர் அனிச்சையாகச் சிலுவை போட்டுக்கொண்டார்.

"செத்ததுகிட்ட எப்படிக் கணக்கு கேப்ப?"

"சாகறதுக்கு முன்னாடி கேட்டிரணும்."

மறுபடி குழாயைப் போட்டான். சுற்றையும் அச்சிடும் வரியையும் சேர்த்து ஒரே அடைப்புக்குள் வைத்தான். பிரிண்டர் ஒரு முறை கிறீச்சிட்டது.

ஐம்பத்தெட்டு.

அருள்மணி நாற்காலியைத் தள்ளிவிட்டுக் குதித்தான். கித்தேரியம்மாள் ஐம்பத்தெட்டுப் பேருக்கு உலை வைத்தாள். சாப்பாட்டு மணி அடித்தது. சிஸ்டர் பந்தியில் தலைதலையாக எண்ணிவிட்டுத் திரும்பினார். பின்னாலேயே கித்தேரியம்மாளும் வந்தாள்.

"ஐம்பத்தேழு," என்றார் சிஸ்டர்.

அருள்மணி பெயர்களை மறுபடி ஓட்டினான். ஐம்பத்தெட்டு. இன்னொரு தரமும் அதுவே.

"ஒண்ணக் கழிச்சிருங்க சார்," என்று கித்தேரியம்மாள் அவன் காதோரம் கிசுகிசுத்தாள். "ரூமாவது மிஞ்சும்."

கழிப்பது சுலபம். ஒரு வரி போதும். அவன் விரல் விசையின் மேல் நின்றது. பிறகு கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

"மெஷின் சரிதான் சிஸ்டர்."

"அப்ப எனக்கு எண்ணத் தெரியல?"

"அது எனக்குத் தெரியாதுங்க சிஸ்டர். மெஷினுக்குத் தெரியும். கழிக்க மாட்டேன்."

"நல்லாருக்கு. தையல் மெஷினுக்கு இவ்வளவு வாய் கெடையாது."

சிஸ்டர் நேராகச் சுவரோரம் போய் ஸ்விட்சைத் தட்டினார். கம்ப்யூட்டருக்குள் சுழன்ற மின்விசிறியின் இரைச்சல் அடங்கியது. திரை கறுத்தது. அருள்மணி கண்ணை மூடிக்கொண்டான்.

கம்ப்யூட்டருக்கும் சுவருக்கும் நடுவே ஒரு கம்பளி அசைந்தது. அதற்குள்ளிருந்து, கலைந்த சடையோடு ஒரு பயிற்சி மாணவி தலையை நீட்டினாள்.

"யாருங்க ஆஃப் பண்ணது? இங்க மட்டுந்தான் கதகதன்னு கெடந்துச்சு!"