பால் திரிகிற பக்கத்துக்கே பிளாண்ட்

நடுநிலையாக இருப்பவர்களால் யாருக்கும் பெரிய ஆபத்து வந்ததில்லை. தான் நடுநிலையானவன் என்பதை ஊருக்கெல்லாம் நிரூபித்தே தீருவேன் என்று கிளம்புகிறவனால்தான் ஆபத்து. எண்பதுகளின் பிற்பாதியில், சித்திரை மாதத்து வியாழக்கிழமை ஒன்றில், நான் அப்படிக் கிளம்பினேன். (என் மனைவி கோமதி அது புதன்கிழமை என்பாள். வியாழன்தான். மில்லில் எனக்கு வார விடுமுறை வியாழக்கிழமை. வேலை நாளில் என்னால் அவ்வளவு சேதம் செய்திருக்க முடியாது.)

ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையின் வருகைப் பதிவு பார்க்கும் டைம் ஆபீஸில் எனக்கு வேலை. வீடு ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம், வன்னியம்பட்டியில். வீட்டில் இரண்டு பசுக்கள். பசுக்களுக்கான வேலையை எல்லாம் கோமதி பார்த்துக்கொள்வாள். பசுக்களைப் பற்றிய படிப்பை எல்லாம் நான் பார்த்துக்கொள்வேன். நூலகத்தில் கால்நடை, பால்வளம், கிருமியியல் என்று எது இருந்தாலும் விட்டுவைக்கவில்லை. பால் கறக்க மட்டும் தெரியாது. இந்தத் தகுதிகளை முன்னிட்டு, மாடு வளர்ப்போர் சங்கம் என்னைச் செயலாளராகத் தேர்ந்தெடுத்திருந்தது.

எங்கள் எல்லோருக்கும் ஒரே துக்கம்தான். அது சாயங்காலப் பால். காலைப் பாலைப் பால்கோவாக்காரர்களும் டீக்கடைக்காரர்களும் போட்டி போட்டு வாங்கிப் போவார்கள். சாயங்காலம் வந்துவிட்டால் எங்களை ஏறிட்டுப் பார்க்க ஆள் இருக்காது. "இன்னிக்கு வேண்டாம் போ" என்று வியாபாரி கையசைத்தால், அந்தப் பாலை வெயில் குடிக்கும். பாலைக் குளிர வைத்து மறுநாள் விற்க, சொந்தமாக ஒரு சில்லிங் பிளாண்ட் கட்டினால் என்ன என்று ஒரு கூட்டத்தில் பேச்சு வந்தது. ஆளுக்கொரு கன்றுக்குட்டியை விற்றுப் பங்கு போடுவது என்று முடிவாயிற்று. விற்றும்விட்டார்கள். அந்த மாதம் எத்தனையோ தொழுவங்களில் தாய்ப்பசுக்கள் கத்திக்கொண்டிருந்தன. மீதிக்கு வங்கிக் கடன் கேட்டோம். மேலாளர், "இடம் எதுன்னு ஒரு மனசா முடிவு பண்ணுங்க. நான் ஒரு தடவைதான் வந்து பார்ப்பேன். அன்னிக்கும் சண்டைன்னா என்னை மறந்துடுங்க" என்று சொல்லிவிட்டார்.

சண்டைதான். ராஜபாளையத்து ஆட்களுக்குத் தலைவர் சுப்பாராஜு. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆட்களுக்கு மாடசாமி அண்ணாச்சி. பிளாண்ட் தன் ஊரில்தான் வர வேண்டும் என்று இருவரும் நின்றார்கள்.

"எங்க பாலு உங்க ஊர் வந்து சேரதுக்குள்ள தயிராயிருமய்யா" என்பார் ராஜு.

"எங்க பாலு மட்டும் என்ன, ஐஸ் கட்டியிலயா கறக்கோம்?" என்பார் அண்ணாச்சி.

இரண்டு பக்கமும் என்னை நம்பவில்லை. "இவரு வீடு அந்தப் பக்கம்" என்று ராஜபாளையத்து ஆட்கள் சொன்னார்கள். "இவரு சோறு அந்தப் பக்கம்" என்று ஸ்ரீவில்லிபுத்தூர் ஆட்கள் சொன்னார்கள். அப்போதுதான் நான் எழுந்து, படித்த படிப்பை எல்லாம் திரட்டி, ஒரு விஞ்ஞானப் பரீட்சையை அறிவித்தேன்.

இரு ஊருக்கும் நடுவழியில் காஜா பாயின் டீக்கடை இருந்தது. அவரும் எங்கள் உறுப்பினர். இரண்டு எருமை வைத்திருந்தார். சாயங்காலம் கறந்த பாலை இரு தரப்பும் ஆளுக்கொரு கேனில் சைக்கிளில் அங்கே கொண்டுவர வேண்டும். மேலாளர் முன்னிலையில் காய்ச்ச வேண்டும். பாதி வழிக்கே தாங்காமல் யாருடைய பால் திரிகிறதோ, அவர்களுக்குத்தான் பிளாண்ட் பக்கத்தில் தேவை. எனவே பால் திரிகிற பக்கத்துக்கே பிளாண்ட்!

எல்லோரும் கைதட்டினார்கள். இரண்டு தலைவர்களும் கொஞ்சம் கூடுதலாகவே தட்டினார்கள். பாலைக் கெடுத்தவனுக்குப் பரிசு என்று ஒரு போட்டி வைத்திருக்கிறோமே என்று எனக்கு உறைக்கவில்லை.

"காச்சுத பாத்திரம் யாரோடது?" என்று அண்ணாச்சி கேட்டார்.

"உங்க பாத்திரமும் வேண்டாம், அவர் பாத்திரமும் வேண்டாம். சங்கப் பணத்தில் புதிதாக இரண்டு பித்தளைச் சட்டி வாங்கி, என் கையாலேயே கழுவிக் கொண்டு வருவேன்" என்றேன். நடுநிலையின் உச்சி அது.

பரீட்சைக்குக் குறித்த அந்த வியாழக்கிழமை மத்தியானம் கொல்லையில் உட்கார்ந்து சட்டிகளைத் தேய்த்தேன். கோமதி வருடத்துக்கென்று எடுத்து வைத்திருந்த புதுப்புளியில் பெரிய உருண்டையாக எடுத்து, உள்ளும் புறமும் அழுத்தித் தேய்த்ததில் சட்டிகள் கோயில் கலசம்போல் மின்னின. அடுத்ததாகத் தண்ணீர் விட்டு அலச வேண்டும். உலகத்தில் புளி போட்டுப் பாத்திரம் தேய்த்த ஒவ்வொருவரும் அதைத்தான் செய்திருப்பார்கள். ஆனால் நான் கிருமியியல் படித்தவன். கிணற்றுத் தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாமல் என்னென்ன நீந்துகின்றன என்று பக்கம் பக்கமாகப் படித்திருந்தேன். ஒரு தரப்பின் சட்டியில் இரண்டு கிருமி கூடிப் போய்விட்டால் பரீட்சையே செல்லாது அல்லவா? எனவே தண்ணீரே காட்டாமல், சலவைத் துண்டால் இரண்டு சட்டிகளையும் துடைத்து, துணியில் கட்டி எடுத்துக்கொண்டேன். (என் மூளை அன்று மிக நன்றாக வேலை செய்தது. அதுதான் பிரச்சினை.)

காஜா பாய் கடை முன்னால் திருவிழாக் கூட்டம். மேலாளருக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தது. முதலில் சுப்பாராஜு வந்தார், பின்னாலேயே மாடசாமி அண்ணாச்சி. இருவரும் சைக்கிளை வேண்டுமென்றே மெதுவாக மிதித்து வந்ததைக் கவனித்தேன். இறங்கிய இருவரின் முகத்திலும் ஒரு மாதிரி கலவரம். கேனை இறக்கி வைத்துவிட்டு ஒருவரையொருவர் பார்க்காமல் நின்றார்கள்.

நான் ஒரு சிறு சொற்பொழிவு ஆற்றினேன். பிறகு கேனுக்குப் பாதிப் படி மொண்டு இரண்டு சட்டியிலும் ஊற்றி, இரண்டு அடுப்பிலும் வைத்தேன். கூட்டம் அடுப்புகளைச் சுற்றி நெருங்கியது.

சூடு ஏறியதுதான் தாமதம். ராஜபாளையத்துப் பால் 'பொசுக்' என்று உடைந்து கட்டி கட்டியாக மிதந்தது.

"திரிஞ்சிருச்சு! எங்களுக்குத்தான் பிளாண்டு!" என்று ராஜபாளையத்து ஆட்கள் துள்ளினார்கள்.

"செத்த நேரம் பொறுங்கடே!" என்றார் அண்ணாச்சி. அதற்குள் அவர் பாலும் உடைந்தது. இப்போது அந்தப் பக்கம் துள்ளியது. மாட்டுக்காரர்கள் தங்கள் பால் கெட்டுப்போனதற்காகத் துண்டைத் தூக்கிப் போட்டு ஆடிய காட்சியை, அதற்கு முன்னும் பின்னும் நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை.

ஆட்டம் நின்றதும் விவகாரம் தொடங்கியது.

"இது வெயில்ல திரிஞ்ச பாலு இல்லய்யா. எலுமிச்சம்பழம் பிழிஞ்சிருக்கான்!" என்று சுப்பாராஜு கத்தினார். யாரோ அண்ணாச்சியின் மடியைப் பிடித்து இழுக்க, உருண்டு விழுந்தது ஓர் எலுமிச்சம்பழம்.

"அது... மாரியம்மன் கோயில்ல குடுத்த பழம்லா" என்றார் அண்ணாச்சி.

"அப்ப இவரு சட்டைப்பையில புடைச்சுக்கிட்டு நிக்கறது எந்தக் கோயில் பழம்?" என்று வேறொருவர் ராஜுவின் பையில் கைவிட்டார். இரண்டாவது பழம் வந்தது.

"தண்ணி தவிச்சா கரைச்சுக் குடிக்கக் கொண்டாந்தேன்" என்றார் ராஜு. அவர் குரலில் அவருக்கே நம்பிக்கை இல்லை.

அதற்குப் பிறகு யார் பேசியது, யார் கேட்டது என்று எனக்குத் தெரியாது. சைக்கிள்கள் சரிந்தன. "அமைதி, அமைதி, விஞ்ஞானப்படி..." என்று நான் கத்தினேன். "ஏலே, அவனை மொதல்ல உக்கார வையி" என்று இரு தரப்பிலிருந்தும் ஒரே நேரத்தில் குரல் வந்தது. (அன்று வரை அவர்கள் ஒத்துப்போன ஒரே விஷயம்.) மேலாளர் நாற்காலியை விட்டு எழுந்து ஜீப்பைப் பார்த்தார். விற்ற கன்றுகளெல்லாம் என் கண்முன் வரிசையாக நடந்து போயின. இனி அவற்றைத் திரும்ப வாங்கவும் முடியாது, பிளாண்டும் கிடையாது.

அப்போது காஜா பாய்தான் குனிந்து இரண்டு பழத்தையும் பொறுக்கினார். உருட்டிப் பார்த்தார். "என்னப்பா இது, ரெண்டும் முழுசால்ல இருக்கு. ஒரு கீறல் இல்ல. பொறவு எதைப் பிழிஞ்சீய?"

கூட்டம் சற்று அடங்கியது. மேலாளர் திரும்பி வந்தார். சட்டி ஓரத்தில் ஒதுங்கியிருந்த திரிந்த பாலை ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். அடுத்த சட்டியையும் தொட்டு ருசி பார்த்தார்.

"என்ன சார், பால் கேட்டா ரசம் வச்சிருக்கீங்க?" என்றார்.

பெண்கள் நின்ற பக்கத்திலிருந்து கோமதியின் குரல் வந்தது. "இந்தாங்க, மத்தியானம் கொல்லையில புளியப் போட்டுத் தேய்ச்சியளே, பொறவு அலசினீயளா?"

ஊரே என்னைப் பார்த்தது. எனக்கு அந்த நேரத்தில் வாயில் வந்த பதில் இதுதான்: "தண்ணீரில் கிருமி இருக்கும்."

முதலில் சிரித்தது அண்ணாச்சியா ராஜுவா என்பதில் இன்றுவரை கருத்து வேறுபாடு உண்டு. ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். மேலாளர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார். கோமதி சிரிக்கவில்லை. "எம்புட்டுப் புளி எடுத்தீய?" என்று மட்டும் கேட்டாள்.

கேன்களில் பால் மீதி இருந்தது. காஜா பாய் தன் கடை அலுமினியச் சட்டிகளை என் கண்ணெதிரே மூன்று முறை அலசினார். (மூன்று முறையும் என்னைப் பார்த்துக்கொண்டே அலசினார்.) மறுபடி அடுப்பு. ராஜபாளையத்துப் பால் நுரைத்துப் பொங்கியது. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பாலும் பொங்கியது. ஒரு கட்டி இல்லை, ஒரு புளிப்பு இல்லை.

"அப்போ பழத்தை எதுக்குக் கொண்டு வந்தீங்க?" என்று மேலாளர் கேட்டார்.

அண்ணாச்சி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பொய் சொல்லல சார். பிழியணும்னுதான் கொண்டாந்தேன். வழியில ரெண்டு தடவ கேனைத் தொறந்தேன். கை வரல. பால்லா? எப்படி சார் திரிக்க?"

ராஜு தலையைக் குனிந்துகொண்டார். "நான் பாலத்துகிட்ட ஒருதரம் நின்னேன். பழத்தைக் கையில வச்சுக்கிட்டு மாட்டு மூஞ்சிய நெனச்சேன். மூடி வச்சுட்டு வந்துட்டேன்."

மேலாளர் பொங்கிய பாலில் ஆளுக்கொரு டம்ளர் ஊற்றச் சொல்லி, தானும் குடித்தார். "ஜெயிக்கிறதுக்காகக்கூடத் தன் பாலைக் கெடுக்கக் கை வராத ஆளுங்களுக்குக் கடன் கொடுக்காம வேற யாருக்குக் கொடுக்கறது? ரெண்டு ஊர்ப் பாலும் இங்க வரைக்கும் நல்லாத்தானே வந்திருக்கு. இடத்தை இனியுமா தேடுவீங்க?"

எல்லோரும் ஒரே நேரத்தில் திரும்பி, டீக்கடைக்குப் பின்னால் கிடந்த வேலிக்காத்தான் முள்காட்டைப் பார்த்தார்கள். அது காஜா பாயின் நிலம்.

"என் பங்கா வச்சுக்கிடுங்க" என்றார் காஜா பாய். "ஆனா ஒரு கண்டிசன். செக்ரட்டரிய உள்ள விட்டாலும், பாத்திரம் கழுவுத எடத்துக்கு விடக் கூடாது."

தீர்மானம் கைதட்டலோடு நிறைவேறியது. எதிர்த்த ஓட்டு ஒன்றுதான், அது என்னுடையது.

தை மாதம் பிளாண்ட் ஓடத் தொடங்கியது. முதல் நாள் சாயங்காலம் ராஜுவும் அண்ணாச்சியும் ஒரே கேனின் இரு காதுகளையும் ஆளுக்கொன்றாகப் பிடித்துத் தொட்டியில் ஊற்றினார்கள். பால் குளிர்ந்து கிடந்ததைத் தொட்டுப் பார்க்க வரிசை நின்றது. "இன்னிக்கு வேண்டாம் போ" என்று கையசைத்த அதே வியாபாரிகள் சில மாதங்களில் எங்கள் வாசலுக்கு வந்து, "சாயங்காலப் பாலு கொஞ்சம் கூடக் கிடைக்குமா?" என்று நின்றார்கள். எங்கள் ஆட்கள் பெருந்தன்மையாக அவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, "பாக்கலாம்" என்றார்கள். அந்த ஒரு சொல்லைச் சொல்லும்போது அண்ணாச்சியின் மீசை இருந்த இருப்பை நான் எழுதி முடிக்க முடியாது.

தொழுவங்கள் பெருகின. கையில் காசு புழங்கியதும் இரு பக்கத்து ஆட்களும் ஒருவர் பின் ஒருவராக வீடு கட்டினார்கள். எந்த வீட்டுப் புதுமனை புகுவிழா என்றாலும் முதல் அழைப்பு எனக்குத்தான். மரியாதையாக வரவேற்று, தெருவில் ஒரு நாற்காலி போட்டு உட்கார வைப்பார்கள். உள்ளே பால் காய்ச்சி, பொங்கி முடியும் வரை வாசற்படி தாண்ட எனக்கு அனுமதி இல்லை. ராஜபாளையத்திலும் இதே சட்டம், ஸ்ரீவில்லிபுத்தூரிலும் இதே சட்டம்.

தொண்ணூறுகளின் நடுவில் நானும் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு வீடு கட்டினேன். மனையைத் தேடியவன் நான், வங்கிக்கு நடந்தவன் நான், ஒவ்வொரு செங்கலுக்கும் தேதி சொல்லக்கூடியவனும் நான். விடியற்காலை முகூர்த்தத்துக்குப் பட்டு வேட்டி கட்டி வலது காலை எடுத்து வைக்கப் போனேன். அண்ணாச்சி ஒரு கையையும் ராஜு மறு கையையும் பிடித்து, என்னை என் வீட்டு வாசலுக்கு வெளியே போட்டிருந்த நாற்காலியில் உட்கார வைத்தார்கள். தெருவில் போன பால்காரர் சைக்கிளை நிறுத்தி வணக்கம் சொல்லிவிட்டு, கேனைச் சற்றுத் தள்ளிப் பிடித்துக்கொண்டு போனார்.

செத்த நேரத்தில் உள்ளே குலவைச் சத்தம் கேட்டது. அதற்கு மேலே கோமதியின் குரல்:

"பொங்கிருச்சு! இனி அந்த மனுசன உள்ள விடுங்க!"